சமன்பாடுகளை யார் வாசிப்பது?
‘லீலாவதியின் மகள்கள்’ நூலை முன்வைத்து

1

அறிவியலில் பெண்கள் என்று பேச்செடுத்தால் நம் மேடைகளில் உடனே ஒரு கதை வந்துவிடும். அதில் வறுமை இருக்கும், அல்லது படிக்க விடாத ஒரு தாத்தா இருப்பார். நோயோ கைம்மையோ முறிந்துபோன மணவாழ்க்கையோ ஏதாவது ஒன்று நடுவில் வரும். எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பெண் வென்றார் என்று பேச்சாளர் முடிப்பார். மாணவிகள் கைதட்டுவார்கள். அவர் எந்தக் கேள்வியோடு இருபது வருடம் மல்லுக்கட்டினார், அதில் எதுவரை போனார் என்பது மட்டும் பேச்சில் இருக்காது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தப் பேச்சைக் கேட்கிறேன். ஆண் அறிவியலாளரைப் பற்றிப் பேசும்போது இப்படி ஆவதில்லை. ராமனைப் பற்றிப் பேசுகிறவர் ஒளிச்சிதறலைச் சொல்லாமல் இறங்க முடியாது.

நான் தமிழ் படித்தவள். கோட்பாட்டுத் துகள் இயற்பியலைப் பற்றி எழுத எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வாழ்க்கை எப்படிப் பிரதியாகிறது, யார் எழுதுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் துறை. அந்தக் கண்ணோடுதான் ‘லீலாவதியின் மகள்கள்’ என்ற பொருளில் தலைப்பிடப்பட்ட ஆங்கில நூலை வாசித்தேன். இந்திய அறிவியல் கழகம் 2008இல் வெளியிட்ட அந்த நூலின் தொகுப்பாசிரியர்கள் இருவர்: பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் துகள் இயற்பியலாளர் ரோகிணி கோட்போலே, ராம் ராமசாமி. ஏறத்தாழ நூறு இந்தியப் பெண் அறிவியலாளர்கள் அதில் இருக்கிறார்கள். உயிரோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பற்றித் தாங்களே எழுதினார்கள். இறந்தவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். இந்த வேறுபாடு சிறியதல்ல. தன்னைப் பற்றி எழுதும் பெண் தன் வேலையைச் சொல்ல இடம் எடுத்துக்கொள்கிறாள். மற்றவர் எழுதும்போது அவளுடைய வாழ்க்கை முன்னால் வருகிறது. சில நேரம் அவளுடைய உடல் மட்டும் வருகிறது.

2

நூலின் தலைப்பிலிருந்தே தொடங்கலாம். ‘லீலாவதி’ என்பது இரண்டாம் பாஸ்கரர் 1150 வாக்கில் வடமொழியில் எழுதிய கணித நூலின் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கதை எல்லோருக்கும் தெரியும். லீலாவதி பாஸ்கரரின் மகள். குறித்த நாழிகையில் மணம் முடிக்காவிட்டால் கைம்மை என்று சோதிடம். நீர்க்கடிகாரக் கிண்ணத்தை அவள் எட்டிப் பார்க்கையில் ஆடையிலிருந்து ஒரு முத்து விழுந்து துளையை அடைத்துவிடுகிறது. நாழிகை தவறிப்போகிறது. தந்தை அவளைத் தேற்ற, உன் பெயரில் ஒரு நூல் எழுதுகிறேன், அது காலத்துக்கும் நிற்கும் என்கிறார்.

இந்தக் கதை பாஸ்கரரின் நூலில் இல்லை. அக்பரின் அவைக் கவிஞர் ஃபைஸி 1587இல் செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் முன்னுரையில்தான் இருக்கிறது. நூலுக்கும் கதைக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. நூலுக்குள் கணக்குக் கேட்கும் விளிகளில் சில மகளை அழைப்பதுபோல் இல்லை, காதலியை அழைப்பதுபோல் இருக்கின்றன. ஆனாலும் நமக்கு நினைவிருப்பது முத்துதான். லீலாவதிக்குக் கணக்குத் தெரியுமா, அவள் எந்தக் கணக்கையாவது போட்டாளா என்று கதை ஒரு வரிகூடச் சொல்வதில்லை. திருமணம் நின்றதற்கு ஈடாக அவளுக்கு ஒரு நூல் கிடைத்தது. அதுவும் அவள் எழுதாத நூல்.

கோவில்பத்தில் வசிக்கிறவளுக்கு இந்தக் கதை புதிதாகத் தெரியாது. இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் காரைக்கால் அம்மையார் கோயில். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். ஊரே கையேந்தி நிற்கும். மாங்கனி, கணவன் பரமதத்தன், பயந்துபோய் அவன் விட்டு விலகியது, புனிதவதி தசையை உதறிப் பேயுருவம் கேட்டது என்று எல்லாம் வரிசையாக நம் நாவில் இருக்கிறது. அந்த வரிசையை நமக்குத் தந்தவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். அம்மையாரின் காலம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அற்புதத் திருவந்தாதி, திரு இரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகிய அவருடைய நான்கு நூல்களிலும் கணவனும் இல்லை, மாம்பழமும் இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்று அவர் சொல்லிக்கொள்கிறார். ஏன் பேய், எப்போது பேய் என்று விளக்கவில்லை. விளக்கியவர் பின்னால் வந்தவர். அந்தாதி என்ற வடிவத்தைத் தமிழில் முதலில் கையாண்டவர்களில் ஒருவர் என்ற செய்தி இலக்கிய வரலாற்றுத் தேர்வுத்தாளுக்குப் போய்விட்டது. திருவிழாவுக்கு மாம்பழம் போனது.

ஔவையைப் பற்றியும் இதே கதைதான் சொல்கிறோம். மணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரிடம் முதுமையை வரமாக வாங்கினாளாம். லீலாவதிக்கு மணம் தவறியது, ஔவைக்கு இளமை போனது, புனிதவதிக்குத் தசை போனது. அறிவுள்ள பெண்ணை ஏற்றுக்கொள்ளும் முன் நம் கதைகள் அவள் உடலிடம் ஒரு விலை வாங்கிக்கொள்கின்றன. வாங்கிக்கொண்ட பிறகு, அந்த விலையையே அவளுடைய சாதனையாகச் சொல்கின்றன.

3

‘லீலாவதியின் மகள்கள்’ நூலில் தமிழ்நாட்டுக் கோட்பாட்டு இயற்பியலாளர் ஒருவர் இருக்கிறார். பெயர் பி. விஜயலட்சுமி. திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் முதுகலை முடித்து, 1970களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகக் கோட்பாட்டு இயற்பியல் துறையில் ஆய்வுக்குச் சேர்ந்தார். சேர்ந்த சிறிது காலத்திலேயே வயிற்றில் புற்றுநோய் பரவியிருப்பது தெரியவந்தது. நோயோடு ஆய்வைத் தொடர்ந்தார். 1982இல் முனைவர் பட்டம் பெற்றார். 1985 மே மாதம், முப்பதுகளின் தொடக்கத்தில் இறந்துபோனார்.

இந்தச் சுருக்கத்தை வாசிக்கும் எவருக்கும் மனம் புற்றுநோய் என்ற சொல்லில் போய் நின்றுவிடும். வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவிகளின் முகங்கள் மாறின. ஒருத்தி மட்டும் கேட்டாள்: “அவங்க என்ன கண்டுபிடிச்சாங்க, மேம்?” இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது. அவளுக்குப் பதில் சொல்ல நான் இயற்பியல் துறை நண்பர்களோடு பல மாலைகள் உட்கார வேண்டியிருந்தது. புரிந்த அளவில் எழுதுகிறேன்.

துகள்களுக்குத் தற்சுழற்சி என்று ஒரு பண்பு உண்டு. எலெக்ட்ரானுக்கு அது அரை. அரை தற்சுழற்சித் துகளுக்கான சார்பியல் சமன்பாட்டை டிராக் 1928இல் எழுதினார். ஒன்றரை தற்சுழற்சிக்கு 1941இல் ராரிட்டாவும் ஷ்விங்கரும் ஒரு சமன்பாடு தந்தார்கள். துகள் தனியாக இருக்கும்வரை அந்தச் சமன்பாட்டில் குறையில்லை. ஒரு மின்காந்தப் புலத்துக்குள் வைத்தால் கோளாறு தொடங்குகிறது. 1961இல் ஜான்சனும், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சனும் அதைக் குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவரும்போது முரண்பாடு எழுவதைக் காட்டினார்கள். 1969இல் வேலோவும் ஸ்வான்ஸிகரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: புலத்துக்குள் அந்த அலை ஒளியைவிட வேகமாகப் பாய்வதாக விடை வருகிறது. சார்பியல் கோட்பாடு அதை அனுமதிக்காது. அப்படியானால் உயர் தற்சுழற்சித் துகள்களுக்கு, புறத்திலிருந்து வரும் புலத்திலும் கெடாமல் நிற்கும் சமன்பாடு உண்டா? மின்காந்தப் புலத்தில் என்ன ஆகும், ஈர்ப்புப் புலத்தில் என்ன ஆகும்? விஜயலட்சுமி வேலை செய்த இடம் இது. இது அந்தக் காலத்தின் உயிருள்ள கேள்வி. உலகின் பல ஊர்களில் பலர் அதனோடு போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சென்னையில் இருந்தார்.

தனியாக இருக்கும்வரை ஒழுங்கு, புறப்புலம் பட்டதும் குலைவு. கவிதை எழுதுகிறவளின் பேனா இந்த இடத்தில் தானாகவே ஓடும். பெண் வாழ்க்கைக்கு இதைவிட வாகான உவமை கிடைக்குமா? ஆனால் அந்த உவமையை எழுதிய கணத்திலேயே பேச்சு மறுபடி அவருடைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறது. அவர் துகள்களைப் பற்றித்தான் கேட்டார், தன்னைப் பற்றி அல்ல. ஒரு பெண் தன்னைப் பற்றி அல்லாத ஒன்றை ஆண்டுக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்க முடியும் என்பதை நம் விமர்சனம் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

1980இல் கொச்சியில் அணுசக்தித் துறையின் உயர் ஆற்றல் இயற்பியல் கருத்தரங்கு நடந்தது. விஜயலட்சுமி அங்கே தன் ஆய்வை முன்வைத்தார். அது நல்ல வரவேற்பைப் பெற்றது. கேட்டவர்கள் கணக்கைக் கேட்டார்கள். நோயாளி ஒருத்தி மனத்தைத் திசைதிருப்பிக்கொள்ளக் கணக்குப் போடுகிறாள் என்ற இரக்கத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. அறிவுலகத்தின் நீதி என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அவருடைய வாழ்க்கையில் நாம் விட்டுவிடும் இன்னொரு பகுதியும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் சங்கத்தில் அவர் முனைப்பாக இருந்தார். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்திலும் பங்கேற்றார். ஆய்வு மாணவர் என்பவர் உதவித்தொகை, நூலகம், விடுதி, வழிகாட்டியின் தயவு இவற்றை நம்பி நிற்பவர். அதை உரிமையாகக் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்தார். தன்னந்தனியாக நோயை வென்ற வீராங்கனையின் கதையில் சங்கத்துக்கு இடமில்லை. சங்கம் வந்தால் கதை தன்னம்பிக்கையிலிருந்து அரசியலுக்குப் போய்விடும்.

4

கோட்பாட்டு இயற்பியலுக்குக் கருவிகள் வேண்டாம், தாளும் பென்சிலும் போதும், அதனால் பெண்களுக்கு ஏற்ற துறை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தமிழ் ஆய்வையும் அப்படித்தான் சொல்வார்கள்: வீட்டிலிருந்தே செய்யலாமே. தாள் மலிவுதான். அதன்முன் குறுக்கீடு இல்லாமல் உட்காரும் நான்கு மணி நேரம் மலிவல்ல. இந்தத் துறையில் பாதி வேலை பேச்சில் நடக்கிறது. கருத்தரங்கு முடிந்து கரும்பலகை முன்னால் நின்று வாதாடுவதும், தேநீரோடு இரவு ஒன்பது மணிவரை நீளும் உரையாடலும் அதன் பகுதிகள். கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டியவளுக்கு அந்தப் பாதி கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்தத் துறை வளர்ந்த விதத்தையே பாருங்கள். அல்லாடி ராமகிருஷ்ணன் தம் மயிலாப்பூர் வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது அந்தக் குழுவைப் பார்த்து வியந்தார். 1962இல் கணித அறிவியல் நிறுவனம் உருவானது. இன்று தரமணியில் இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து ஒரு நிறுவனம் பிறந்தது பெருமைக்குரிய வரலாறுதான். பெண்ணிய வாசகிக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: வீடு கருத்தரங்கு அறையானபோது, அந்த வீட்டின் அடுக்களையை யார் பார்த்துக்கொண்டார்கள்? அறிவியல் வரலாறு இதைக் குறித்துவைப்பதில்லை. குறிக்கப்படாத அந்த உழைப்பின் மேல்தான் தாளும் பென்சிலும் இருக்கின்றன.

ரோகிணி கோட்போலேயின் பாதையை இதன் பக்கத்தில் வைக்கிறேன். 1952இல் புணேயில் பிறந்தார். அவர் படித்த பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை அறிவியல் பாடம் இல்லை, மனையியல்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். உதவித்தொகைத் தேர்வுக்காக அறிவியலைத் தனியாகப் படித்தார். மும்பை ஐ.ஐ.டி.யில் முதுகலை. அமெரிக்காவில் ஸ்டோனி புரூக்கில் 1979இல் முனைவர் பட்டம். பிறகு டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சில ஆண்டுகள், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி, 1995 முதல் பெங்களூரு. 2019இல் பத்மஸ்ரீ. 2024 அக்டோபரில் புணேயில் மறைந்தார்.

அவருடைய வேலையையும் சொல்லிவிட வேண்டும். ஒளியின் துகளான ஃபோட்டான் எளிமையானது என்றுதான் நாம் நினைப்போம். மிக உயர்ந்த ஆற்றலில் மோதும்போது, குவார்க்குகளும் குளுவான்களும் உள்ளே இருப்பதுபோல் அது நடந்துகொள்கிறது. அந்த நடத்தையால் வருங்கால எலெக்ட்ரான்–பாசிட்ரான் மோதுகருவிகளில் வேண்டாத சிதறல்கள் எவ்வளவு எழும் என்று அவரும் மானுவல் ட்ரீஸும் 1990களின் தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். இன்னும் கட்டப்படாத இயந்திரத்தை எப்படி வடிவமைக்க வேண்டும் என்ற பேச்சில் அந்தக் கணக்கு இடம்பெற்றது. அப்போது அவர் இருந்தது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில். பெரிய ஆய்வுக்கூடத்தில் அல்ல, நம்மைப்போல் வகுப்பு எடுத்து விடைத்தாள் திருத்தும் வேலையில். 2004இல் ட்ரீஸ், புரோபிர் ராய் இருவரோடும் சேர்ந்து மீச்சீர்மைத் துகள்கள் பற்றிப் பெரும் பாடநூல் எழுதினார்.

இந்தத் துறையில் முனைவர் பட்டம் முடிவல்ல. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு நாடு என்று இரண்டு மூன்று தற்காலிகப் பணிகள், அதற்குப் பிறகுதான் நிரந்தர வேலை. பட்டம் வாங்குகையில் இருபத்தெட்டு, வேலை கிடைக்கையில் முப்பத்தைந்து. நம் ஊரில் ஒரு பெண்ணிடம் கல்யாணத்தையும் குழந்தையையும் கேட்டு நெருக்கும் வயதும் சரியாக இதுதான். கணவன் மனைவி இருவரும் ஆய்வாளர்களானால் ஒரே ஊரில் இரண்டு வேலை கிடைக்காது. இயற்பியலாளர்கள் இதை ‘இரு பொருள் கணக்கு’ என்று கேலியாகச் சொல்வார்கள். கணக்கைத் தீர்க்கும்போது பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும் பொருள் மனைவிதான்.

பெண்கள் குடும்பத்துக்காக ஆய்வை விட்டுப் போகிறார்கள் என்பதே பொதுவான விளக்கம். யாரையும் பொறுப்பாக்காத விளக்கம் என்பதால் நிறுவனங்களுக்கு அது வசதி. கோட்போலே அதை அப்படியே ஏற்கவில்லை. 2010இல் அனிதா குருப், மைத்ரேயி, காந்தராஜு ஆகியோருடன் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை கொண்டுவந்தார். பயிற்சி பெற்ற பெண் அறிவியலாளர்களில் எவ்வளவு பேரை இழக்கிறோம், ஏன் என்பதே அதன் கேள்வி. வெளியேறியவர்களையும் தேடிக் கேட்டதுதான் அதன் சிறப்பு. அவர்களின் பதில்களில் குடும்பத்தைவிட, தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமல் போனது முன்னால் நின்றது. வீடு தள்ளியது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, நிறுவனம் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். 2019இல் ஹைதராபாத்தில் இந்திய இயற்பியல் சங்கத்தின் பாலினக் குழு நடத்திய மாநாட்டிலிருந்து வந்த சமத்துவப் பட்டயமும் இதே திசையில் நிறுவனங்களைத்தான் பார்த்துப் பேசுகிறது.

5

இவ்வளவு மதிப்பு வைத்திருக்கும் நூலோடு எனக்குச் சண்டையும் உண்டு.

முதலாவது, விபா சவுத்ரி அதில் இல்லை. 1913இல் கல்கத்தாவில் பிறந்தவர். டி.எம். போஸுடன் சேர்ந்து மலைமேல் ஒளிப்படத் தகடுகளை வைத்து, வானிலிருந்து பொழியும் கதிர்களின் தடங்களைப் பதிவு செய்தார். 1940களின் தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் அவர்களின் கட்டுரைகள் வந்தன. போர்க்காலத்தில் உயர்தரத் தகடுகள் கிடைக்கவில்லை, வேலை நின்றது. பிறகு நல்ல தகடுகளோடு அதே முறையைக் கொண்டு பையான் துகளைக் கண்டறிந்த செசில் பாவலுக்கு 1950இல் நோபல் பரிசு. விபா மான்செஸ்டரில் முனைவர் பட்டத்துக்கு உழைத்தார். டாடா நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் அவர். 1991இல் இறக்கும்வரை எந்தப் பெரிய விருதும் வரவில்லை. 2018இல் ராஜிந்தர் சிங்கும் சுப்ரகாஷ் ராயும் அவரைப் பற்றி நூல் எழுதினார்கள். 2019இல் ஒரு விண்மீனுக்கு அவர் பெயர் வந்தது. பெண் அறிவியலாளர்களைத் தேடித் தொகுத்த நூலிலிருந்தே அவர் தவறியிருக்கிறார் என்றால், மறதி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்.

இரண்டாவது, சாதி. தன்வரலாறு எழுதியவர்களில் பலருக்கு ஊக்கம் தந்த ஒரு தந்தை இருக்கிறார். வீட்டில் புத்தகம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. எனக்குப் பாகுபாடே நேரவில்லை என்ற வரியும் வருகிறது. அந்த வரியை நான் பொய்யென்று சொல்லவில்லை. பாலின வாசல் அடைபட்டிருந்தாலும் சாதி வாசல் திறந்திருந்த வீடுகள் அவை என்று மட்டும் வாசிக்கிறேன். இந்த மௌனத்தைக் கேள்வி கேட்கும் நூல் நவயானா 2011இல் வெளியிட்ட அபா சூரின் ஆய்வு. ராமனின் ஆய்வுக்கூடத்தில் இருந்த பெண்களை அவர் சாதியோடும் பாலினத்தோடும் சேர்த்து எழுதுகிறார். அன்னா மாணியின் ஆய்வேடு முழுமையாக இருந்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற விதியைக் காட்டிப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை.

கோலார் தங்கவயலையும் இங்கே நினைக்க வேண்டும். அங்கே சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் முதன்முதலாகப் பதிவான பரிசோதனைகளில் ஒன்று நடந்தது. விபா சவுத்ரியும் தங்கவயல் ஆய்வுகளில் பங்கேற்றவர். அந்த ஆழத்தை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து போன தமிழ்த் தலித் தொழிலாளர்கள். அவர்கள் தோண்டிய குழியில் இந்திய இயற்பியல் உலகப் புகழ் பெற்றது. அவர்கள் வீட்டுப் பெண்ணொருத்தி துகள் இயற்பியல் ஆய்வுக்கு வர என்னென்ன திறக்க வேண்டும் என்பதை ‘லீலாவதியின் மகள்கள்’ கேட்கவில்லை. மகள்கள் என்ற சொல்லே தந்தையின் வீட்டைக் குறிக்கிறது. தந்தைக்கு நூல் எழுதித்தர வழியில்லாத வீடுகளும் இருக்கின்றன.

6

எங்கள் பக்கம் இயற்பியல் முதுகலை முடிக்கும் பெண்கள் நிறையப் பேர். மீனவக் கிராமங்களிலிருந்தும் வயல் ஊர்களிலிருந்தும் பேருந்தில் வருகிறவர்கள். காரைக்காலில் பத்து ரூபாய் டிக்கெட்டில் முடிகிற தூரம்வரை படிப்பு தடையில்லை. சென்னை, பெங்களூரு என்று பெயர் வந்ததும் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. படித்த வீட்டிலும் இதுதான். பட்டம் முடிந்ததும் பி.எட். சொல்கிறார்கள், டீச்சர் வேலை பொண்ணுக்கு நல்லது என்கிறார்கள். அதே வேலையில் இருக்கிறவள் என்பதால் அதை இழிவாக நினைக்க என்னால் முடியாது. ஆனால் ஒரு வேலை நல்லது என்பதும், அது ஒன்றுதான் கிடைக்கும் என்பதும் வேறு வேறு.

அவர்களிடம் புற்றுநோயை வென்ற பெண்ணின் கதையைச் சொல்லி அனுப்பினால் என்ன கற்றுக்கொள்வார்கள்? தாங்குவதைக் கற்றுக்கொள்வார்கள். தாங்குவது நம் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குக் கோட்பாட்டு இயற்பியல் தேவையில்லை. உயர் தற்சுழற்சிச் சமன்பாடு ஏன் புலத்துக்குள் கெட்டுப்போகிறது என்று விளங்கிக்கொண்டால் வேறொன்று நடக்கும். திருச்சியில் படித்த, தன்னைப் போன்ற ஒருத்தி அந்தக் கேள்வியில் கைவைத்தாள் என்பது தெரியும். நியூட்ரினோ ஆய்வில் பல்லாண்டு உழைத்த டி. இந்துமதி போன்றவர்கள் தரமணியில் பணியாற்றியிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்து தெரியும். அப்போது அந்தத் துறை தெய்வங்களுக்கும் தியாகிகளுக்கும் ஒதுக்கிய இடமாகத் தோன்றாது. சேரக்கூடிய இடமாகத் தோன்றும்.

நம் கவிதைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கருந்துளை, குவாண்டம், கடவுள் துகள் என்று கடந்த இருபது ஆண்டில் இயற்பியல் சொற்களை எவ்வளவோ வாரிக்கொண்டோம். கருப்பையைக் கருந்துளை என்றோம். ஒரு சொல்லை இரவல் வாங்கும்போது அந்தச் சொல்லுக்குச் சொந்தமான உழைப்பையும் கொஞ்சம் தெரிந்துகொண்டிருக்கலாம். பெண்ணெழுத்து உடலை எழுதியது பெரிய விடுதலை. உடலிலிருந்து விலகி ஒரு கேள்வியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணையும் அந்த விடுதலைக்குள் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் உடலுக்கே திருப்பிக்கொண்டு வந்தால், சேக்கிழார் செய்ததைத்தான் நாமும் செய்துகொண்டிருப்போம்.

அதனால் ஒரு வேலையை முன்வைக்கிறேன். இனி ஒரு பெண் அறிவியலாளரைப் பற்றி எழுதுகிறவர், அவர் கேட்ட கேள்வியை முதல் பக்கத்திலேயே எழுதட்டும். அந்தக் கேள்வியோடு இருக்க அவருக்கு உதவித்தொகை எங்கிருந்து வந்தது, சோறு யார் ஆக்கினார்கள், வேலையை யார் கொடுத்தார்கள், யார் மறுத்தார்கள் என்பது இரண்டாம் பக்கம். நோயும் துயரமும் உண்மையானவை. அவற்றுக்கும் இடம் உண்டு, அதற்குப் பிறகு.

காரைக்கால் அம்மையாரின் பாடல்களை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக யாராவது வாசித்துக்கொண்டே இருந்ததால்தான், சேக்கிழாரைத் தாண்டி அவரிடமே போக இன்று நம்மால் முடிகிறது. விஜயலட்சுமியின் ஆய்வுக் கட்டுரைகள் நாற்பது ஆண்டுப் பழமையானவை; நூலகங்களில் இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்ல ஓர் இயற்பியல் மாணவி வேண்டும். வாக்கியங்களைச் சரிபார்க்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.